ஆளின் எண்ணும் வரிசையின் எண்ணும்

பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கொமியூனிகேஷன் கடைகளில் தட்டச்சாகும் தமிழ்க் கடிதங்களில் பலவும் ஏதாவதொரு பட்டியலைச் சுமந்தவை. வீட்டுத்திட்டத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்களின் பெயர்கள், கோயில் திருவிழாக் கணக்கு, தொழிற்சங்கத்துக்குப் போகும் கோரிக்கைகள், பாடசாலைத் தவணைப் பரீட்சையின் வினாக்கள். தட்டச்சு செய்பவர் முதல் வரியின் தொடக்கத்தில் 1 என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடுகிறார். இது பட்டியல் என்று வேர்ட் மென்பொருள் அந்த நொடியிலேயே முடிவுசெய்துவிடுகிறது. வரி முடிந்து என்டர் விசையைத் தட்டினால் 2 தானாக வந்து நிற்கிறது. பிறகு 3, பிறகு 4. நாற்பது குடும்பங்களின் பெயர்களை அடித்து முடித்த பின், ஏழாவது குடும்பம் வேறு தோட்டத்தில் வீடு பெற்றுவிட்டது என்று தெரிந்து அந்த வரியை அழித்தால், எட்டாமவர் ஏழாமவர் ஆகிறார்; நாற்பதாமவர் முப்பத்தொன்பதாமவர் ஆகிறார். ஒருவர் இருந்து போனதற்குச் சுவடே இல்லை.

சமையல் குறிப்பிலோ கூட்ட நிகழ்ச்சிநிரலிலோ இது பெரும் வசதி. ஊவா மாகாணத் தோட்டங்களில் நிலைமை வேறு. கூலி, அரிசி, கடன், குடியுரிமை, வாக்கு, வீடு என இங்கே ஒரு மனிதருக்குக் கிடைத்ததும் கிடைக்காமற்போனதும் தலைமுறை தலைமுறையாக ஏதாவதொரு பட்டியலில் அவர் பெயர் இருந்ததா, எந்த எண்ணோடு இருந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தன. பட்டியலில் நிற்கும் எண்கள் இருவகை. ஒன்று ஆளுக்கு உரியது. அவர் எங்கே நின்றாலும் அவரோடு போவது. மற்றது வரிசையின் இடத்துக்கு உரியது. அந்த இடத்தில் யார் வந்து நின்றாலும் அவருக்குக் கிடைப்பது. கணினி தானாகப் போடுவது இரண்டாம் வகை. தோட்டத்து மக்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் முதல் வகை. ஒன்றை மற்றதாக எண்ணிக்கொள்வதால் வரும் தீங்கு சிறியதல்ல என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் பழைய பட்டியல்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியிடம் ஒரு தகரச் சீட்டு கொடுக்கப்பட்டது. போகும் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட அந்தத் தகட்டைப் பார்த்தே வழியில் சோறும் ரயில் இருக்கையும் கிடைத்தன; செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறியது. தோட்டத்துக்கு வந்த பின், ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்ற காகிதத்தில் எழுதப்பட்டது. அந்தத் தொகையை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் கங்காணியும் அவர் ஆட்களும் அங்கே போகமுடியும். 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. காகிதம் போனது, பெயர்ப் பட்டியல் நின்றது.

அந்தப் பட்டியலுக்குப் பெயர் செக்ரோல். பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் ஹாலிஎலவிலும் தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அகலமான பெரிய தாள். இடப்பக்கம் எண், அடுத்துப் பெயர், அதன்பின் மாதத்தின் நாட்களுக்கு ஒவ்வொரு கட்டம். ஆட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஆள் வந்து நின்றால்தான் வேலை. அந்த வேலை செக்ரோலில் விழுந்தால்தான் கூலி. ஒரு நாள் வேலையையே அங்கே ‘பேர்’ என்பார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் இத்தனை பேர் விழுந்தது என்று சொன்னால் அதுதான் சம்பளம். கொழுந்து மடுவத்தில் தராசு காட்டிய கிலோவும் அதே வரியில்தான் ஏறும். ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்கான கைக்காசு மட்டும் தனிக் கணக்கு.

செக்ரோல் எண்ணின் இயல்பை இங்கே கவனிக்க வேண்டும். அது ஆளோடு ஒட்டியது. பக்கத்து வரிக்காரர் ஓய்வுபெற்றுப் போனாலும், வேறு டிவிஷனுக்கு மாறினாலும், இன்று வேலைக்கு நிற்பவரின் எண் மாறுவதில்லை. ஊழியர் சேமலாப நிதியின் அங்கத்துவ எண்ணும் அப்படித்தான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த நிதியில் முப்பது வருடம் பணம் சேர்ந்த ஒரு பெண், கடைசியில் அதைக் கேட்டுப் போகும்போது முதலில் காட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான். பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பைப் பெயர் தாங்கமுடியாத இடத்தில் எண் தாங்குகிறது. அந்த எண் நழுவினால் உழைப்பு நழுவும்.

கூலிப் பட்டியலைவிடக் கொடியது குடியுரிமைப் பட்டியல். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கான குடியுரிமைச் சட்டமும், தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் நாடு மீண்டும் வாக்களித்தபோது தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் வாக்காளர் இடாப்பில் இல்லை. குடியுரிமை கேட்டு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கே வசித்ததைக் காட்டவேண்டும் என்றது சட்டம். லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் காம்பராவில் வாழ்ந்தவரிடம் காணி உறுதி ஏது, வரிச்சீட்டு ஏது? வசித்ததற்கு எழுத்தில் இருந்த சாட்சி பல குடும்பங்களுக்குத் தோட்டக் கணக்குகள்தான்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை மனிதர்களை முழுக்க எண்ணிக்கையாகவே பேசியது. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கொண்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஏழு பேர் அந்தப் பக்கம் போனால் நான்கு பேருக்கு இந்தப் பக்கம் குடியுரிமை என்ற விகிதமும் இருந்தது. இது பட்டியலின் மிகக் கொடூரமான பயன்பாடு என்றே நான் கருதுகிறேன். ஒருவரின் பிரசைத் தகுதி அவர் யார் என்பதால் தீர்மானிக்கப்படாமல், அவருக்கு முன்னால் எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்பதால் தீர்மானிக்கப்பட்டது. வரிசையின் இடம் ஆளை விழுங்கிய காலம் அது. 1988இல் ஒரு சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே இது ஒரு முடிவுக்கு வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவரும் அவர் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள் என்றது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டு டிசம்பரில் நடத்திய நடமாடும் முகாம்களில் பத்து நாட்களுக்குள் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் குடியுரிமை பெற்றனர்.

இத்தனை வரலாற்றைச் சுமந்த மண்ணில் இன்று பட்டியல்கள் கணினியில் உருவாகின்றன. அவற்றில் கணினி போடும் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

வேர்ட் கோப்பு ஒன்றைச் சேமித்து, அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்த்தால் ‘7’ என்ற எண் எங்கும் எழுதப்பட்டிருக்காது. பெயர் இருக்கும். அதன் பக்கத்தில் ‘இந்தப் பத்தி இன்ன பட்டியலைச் சேர்ந்தது, இன்ன மட்டத்தில் உள்ளது’ என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பட்டியலின் இலக்கணம் வேறொரு சிறு கோப்பில் இருக்கிறது: எங்கிருந்து தொடங்குவது, எண்ணா எழுத்தா, அடைப்புக்குறியா புள்ளியா, எவ்வளவு உள்தள்ளுவது. ஒரு பட்டியலுக்கு ஒன்பது மட்டங்கள் வரை அமைக்கலாம். திரையிலோ தாளிலோ காட்டும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து அந்த நேரத்துக்குரிய எண்ணை வரைகிறது. ஆகவே தேடல் பெட்டியில் எண்ணைத் தட்டித் தேடினால் அது அகப்படாது. சுட்டியால் இழுத்து எண்ணை மட்டும் தெரிவுசெய்து அழிக்கவோ திருத்தவோ முடியாது. அது எழுத்தே அல்ல. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்யப்படும் கணக்கு.

இதனால் நேரும் சிக்கல்கள் தோட்டத்து ஆவணங்களில் நேரடியாகத் தைக்கின்றன. ‘இணைப்புப் பட்டியலில் 23ஆம் இலக்கத்தில் உள்ளவரின் வீட்டுக்கூரை பழுதடைந்துள்ளது’ என்று கடிதத்தில் கையால் அடித்துவிட்டு, பிறகு பட்டியலில் ஒரு வரியை நீக்கினால், கடிதத்தின் 23 அப்படியே நிற்கும்; பட்டியலின் 23 வேறொருவர் ஆகிவிடும். குறுக்கு மேற்கோள் என்ற வசதியால் இரண்டையும் இணைக்கலாம். அதுவும் முழுவதையும் தெரிவுசெய்து எஃப்9 விசையை அழுத்திப் புதுப்பிக்கும் வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டினால் இரண்டாவது டிவிஷனின் பட்டியல் 1இல் தொடங்காமல் 41இல் தொடங்கும், அல்லது தொடர வேண்டியது மீண்டும் 1இல் தொடங்கும். எண்ணின் மேல் வலச்சொடுக்கிட்டு ‘1இலிருந்து தொடங்கு’ அல்லது ‘தொடர்ந்து எண்ணிடு’ என்று தேர்ந்தால் சரியாகும். அவசரத்தில் அதைக் கவனிப்பவர் குறைவு. ஒரே பெயரின் கீழ் முகவரியை அடுத்த வரியில் எழுத என்டர் தட்டினால் முகவரிக்கும் ஓர் எண் விழுந்து, குடும்பத் தொகை இரட்டிக்கும். ஷிஃப்ட் விசையோடு என்டர் தட்டினால் எண் இல்லாமல் அடுத்த வரி கிடைக்கும். இந்த ஒரு சிறு செய்தி தெரிந்திருந்தாலே எத்தனையோ பட்டியல்கள் பிழையின்றி வந்திருக்கும்.

பட்டியல் வரிகளைச் சாதாரண எழுத்தாக நகலெடுத்து அனுப்பும்போது அனுப்பும் விதத்தைப் பொறுத்து எண்கள் எழுத்தாக மாறியும் போகலாம், அறவே உதிர்ந்தும் போகலாம். எண் உதிர்ந்த பட்டியல் ஒரு தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போய், அங்கே யாரோ புதிதாக எண்ணிட்டு, அது பிரதேச செயலகத்துக்குப் போகும்போது, தோட்ட ஒப்பிஸில் உள்ள பிரதியோடு ஒப்பிட வழியில்லை.

ஆக, பெயர்ப் பட்டியலுக்கு நான் வற்புறுத்துவது அட்டவணை. முதல் நிரலில் கணினி போடும் வரிசை எண் இருக்கட்டும். மொத்தம் எத்தனை என்று பார்க்க அது உதவும். அடுத்த நிரலில் ஆளுக்குரிய எண்ணைக் கையால் அடிக்க வேண்டும்: செக்ரோல் எண், சேமலாப நிதி எண், அடையாள அட்டை எண், எதற்கான பட்டியலோ அதற்குரியது. கடிதத்தில் ஒருவரைக் குறிப்பிடும்போது எப்போதும் அந்த இரண்டாம் எண்ணையே சொல்ல வேண்டும். அட்டவணையாக இல்லாத பட்டியல் முடிவாகிவிட்டதென்றால் தானியங்கி எண்ணையும் உறைய வைத்துவிடலாம். முழுவதையும் நகலெடுத்து, ‘எழுத்து மட்டும்’ என்ற முறையில் ஒட்டினால் எண்கள் வெறும் எழுத்தாகிவிடும், பிறகு நகராது. நீக்கப்பட்டவரின் வரியை அழிக்கக் கூடாது. கட்டிய பேரேட்டில் பிழையான வரியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார்கள். அடியில் உள்ளது வாசிக்கத் தெரியும். கணினியிலும் எழுத்தின் குறுக்கே கோடிடும் பொத்தான் இருக்கிறது. கோடிட்டு, நீக்கிய காரணத்தையும் திகதியையும் கடைசி நிரலில் எழுதினால் போதும். தாள் மிச்சமாகாது; நியாயம் மிச்சமாகும்.

இனித் தமிழ் எழுத்தின் சிக்கல். இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பல ஆண்டுகள் பாமினி என்ற எழுத்துருவின் மேல் நின்றது. இப்போதும் பல பாடசாலைகளிலும் கடைகளிலும் அதுதான். பாமினி யுனிகோட் அல்ல. கணினியின் பார்வையில் அது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே. எண்கள் எண்களாகவே இருப்பதால் 1, 2, 3 என்ற பட்டியல் தப்பிக்கிறது. ஆங்கில ஏ, பி, சி என்ற வரிசையைத் தேர்ந்தால் பாமினியில் ய, டி, உ என்று வருகிறது. சிறிய ரோமன் எண்களைத் தேர்ந்தால் முதல் எண் ஐகாரக் கொம்பாகவும், இரண்டாவது அதே கொம்பு இரண்டாகவும், ஐந்தாவது எகரமாகவும், பத்தாவது ஒகரமாகவும் விழுகின்றன. வினாத்தாள் அடிக்கும் ஆசிரியர் இதைக் கண்டு சலித்து, தானியங்கிப் பட்டியலையே அணைத்துவிட்டு இடைவெளி விசையைத் தட்டித்தட்டி வரிகளை நேராக்குகிறார். இதற்கு எளிய தீர்வு உண்டு. பட்டியலின் எண் பத்தி முடிவுக்குறியின் எழுத்துருவைப் பின்பற்றுகிறது. ‘புதிய எண் வடிவம்’ என்ற பெட்டிக்குள் எண்ணுக்கு மட்டும் தனி எழுத்துரு கொடுத்தால் பெயர் தமிழில் நிற்க, ரோமன் எண் ரோமனாகவே நிற்கும்.

பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது பாமினி இன்னும் மோசமாகக் கைவிடுகிறது. கருப்பையா, பார்வதி, மீனாட்சி, அஞ்சலை, செல்லம்மா, சரஸ்வதி என்ற ஆறு பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால், நான் எழுதிய இதே ஒழுங்கில்தான் தரும். ககரம் முதலில், அகரம் நான்காவதாக. சகர வரிசையிலும் ஒற்றைக்கொம்பு பெற்ற செல்லம்மா தனியே பிரிந்து சரஸ்வதிக்கு முன்னே போய்விடுகிறார், ஏனென்றால் பாமினியில் கொம்பை முதலிலும் மெய்யைப் பிறகும் அடிக்கிறோம். முந்நூறு பெயர் உள்ள பட்டியலில் ஒரு தாய் தன் பெயரைத் தேடும்போது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைக் கண்டு பட்டியலிலேயே இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போக இது போதும். இலங்கைத் தர நிர்ணயத்தில் ரெங்கநாதன் விசைப்பலகையும் யுனிகோடும் ஏற்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. பெயர்ப் பட்டியல் மட்டுமாவது இனி யுனிகோடில் இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையல்ல.

யுனிகோடுக்கு வந்துவிட்டாலும் ஒரு குறை தொடர்கிறது. வேர்டின் கோப்பு வடிவம் 2006இல் எக்மா-376 என்ற பெயரில் தரப்படுத்தப்பட்டது. பட்டியலுக்கு அது அனுமதிக்கும் எண் முறைகளில் ஹிந்தி உயிரெழுத்து, ஹிந்தி மெய்யெழுத்து, ஹிந்தி எண், தாய்லாந்து எழுத்து, ஹீப்ரு, அரபு, ரஷ்ய எழுத்து, ஜப்பானியரின் பழைய இரோஹா வரிசை வரைக்கும் உண்டு. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் தரத்தில் தமிழ் எண்கள் இருக்கின்றன. அங்கேயும் ௧௦ என்று இடமதிப்பில் வருமே தவிர, ஏடுகளில் பத்துக்கு எழுதிய ௰ வராது. தமிழ்ச் சுழியம் யுனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். தமிழ் எண் இல்லாதது அன்றாட வேலையைத் தடுக்கவில்லை. (அ), (ஆ), (இ) இல்லாதது தடுக்கிறது.

ஏனெனில் இலங்கையின் சட்டங்களும் சுற்றுநிருபங்களும் அந்த எழுத்துகளில்தான் பிரிவுகளைக் குறிக்கின்றன. 1999இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே ஒரே ஆவணம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ்ப் பிரதியில் மூன்றாம் உட்பிரிவு (இ). சிங்களப் பிரதியில் மூன்றாம் உட்பிரிவுக்கு வருவது அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட ஒலியுள்ள, தமிழில் இல்லாத ஓர் உயிர்; அவர்களுடைய இகரம் ஐந்தாம் இடத்தில்தான் வருகிறது. ஆகவே ஹாலிஎலவிலோ அப்புத்தளையிலோ அலுவலக மேசையின் இருபுறமும் இருந்து இருவர் ‘இகரப் பிரிவு’ என்று பேசினால், ஒருவர் மூன்றாவதையும் மற்றவர் ஐந்தாவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரு மொழிப் பிரதியிலும் உட்பிரிவுகளை 1.1, 1.2, 1.3 என்று எண்ணிலேயே வைப்பது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். பல மட்டப் பட்டியல் என்ற வசதி இதைத் தானாகச் செய்யும். டேப் விசை ஒரு மட்டம் உள்ளே தள்ளும், ஷிஃப்டும் டேப்பும் சேர்ந்தால் வெளியே கொண்டுவரும். சட்டத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் சட்டத்தின் எழுத்தை அப்படியே எழுத வேண்டும். அங்கே தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் அடிப்பதே பாதுகாப்பு.

அடுத்து, எண்ணுக்குப் பதில் கரும்புள்ளி. பார்க்க அழகு, அதனால் எங்கும் பரவுகிறது. கோரிக்கை மனுவில் புள்ளிப் பட்டியல் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். 1940 மே மாதம் ஊவாவில் வேலைநிறுத்த அலை எழுந்தபோது, பதுளையில் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. மே 12இல் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா அந்தத் தடையை மீறிப் பதுளையில் பேசினார். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபையோடு கலந்துபேசி நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படிப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போனவர்கள் அறிவார்கள்: கோரிக்கைக்கு எண் இருந்தால்தான் ‘நான்காவதற்குப் பதில் சொல்லவில்லையே’ என்று கேட்கமுடியும். நிர்வாகத்தின் பதில் கடிதம் 1, 2, 3, 5 என்று வந்தால் விடுபட்டது கண்ணில் படும். ஆறு புள்ளிகளுக்கு ஐந்து புள்ளிகளில் பதில் வந்தால், எது விழுங்கப்பட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு தாளையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். சம்பளச் சபையின் அறிவித்தலாக இருந்தாலும் கூட்டு ஒப்பந்தமாக இருந்தாலும், சண்டை நடப்பது ஒரு வாசகத்தைப் பற்றித்தான்; அந்த வாசகத்துக்கு இடம் சுட்ட எண் வேண்டும்.

புள்ளிக்கும் உரிய இடம் உண்டு. அனர்த்த நிவாரண முகாமுக்குத் தேவையான பொருட்கள்: அரிசி, பருப்பு, பாய், போர்வை, பால்மா. இவற்றுக்கு எண்ணிட்டால் முதலாவது முக்கியம், ஐந்தாவது முக்கியமல்ல என்று வாசிப்பவர் தாமாக நினைத்துக்கொள்வார். முன்பின் இல்லாத இடத்தில் புள்ளி நேர்மையானது. ஆனால் வேர்ட் வைக்கும் புள்ளி பெரும்பாலும் சிம்பல் என்ற தனி எழுத்துருவில் இருப்பதால், வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது வெற்றுப் பெட்டியாகத் தெரியக்கூடும். சாதாரணச் சிறுகோடு எந்தக் கருவியிலும் உடையாது.

எண்ணிட்ட பெயர்ப் பட்டியல் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை ஊவா 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கண்டது. கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஏழரை மணி அளவில் நடந்ததால் பிள்ளைகள் பலர் பாடசாலைக்கும், பெரியவர்கள் பலர் வேலைக்கும் போயிருந்தார்கள். காணாமற்போனவர் நூற்றுக்கணக்கானோர் என்று முதல் நாள் சொல்லப்பட்டது. அடுத்த சில நாட்களில் அதிகாரிகள் சொன்ன தொகை சில பத்துகளாகக் குறைந்தது. எண் குறைந்தது உயிர்கள் தப்பியதால் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் முதல் தொகையிலிருந்து இறுதித் தொகைக்கு யார் யார் பெயர், எப்போது, எதனால் நீங்கியது என்று வரிவரியாகக் காட்டமுடியாவிட்டால், உறவைத் தேடுபவர் எந்தத் தொகையையும் நம்பமாட்டார். அவரை அப்படி நம்பச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை.

இத்தகைய வேளையில் முகாமில் உட்கார்ந்து தட்டச்சு செய்யப்போவது பெரும்பாலும் ஒரு பாடசாலை ஆசிரியரோ, கிராம உத்தியோகத்தரின் உதவியாளரோ, கணினி தெரிந்த ஓர் இளைஞரோ தான். அவர் கைக்கு வரவேண்டிய அட்டவணை இப்படி இருக்கலாம். முதலில் ஒருமுறை கொடுத்தால் மீண்டும் யாருக்கும் கொடுக்காத எண், கையால் அடித்தது. பிறகு பெயரும் வயதும். பிறகு லயத்தின் எண்ணும் காம்பராவின் எண்ணும், ஏனென்றால் தோட்டத்தில் பலருக்கு அதுதான் முகவரி. பிறகு கடைசியாகப் பார்த்தவர் யார், எங்கே என்பது. பிறகு இன்றைய நிலை, திகதியும் நேரமும் சேர்த்து. பாடசாலையிலிருந்து பிள்ளை நலமாக வந்துவிட்டால் வரியை அழிக்காமல், நிலை என்ற நிரலில் ‘வந்து சேர்ந்தார்’ என்று எழுத வேண்டும். மாலையில் அச்செடுக்கும் ஒவ்வொரு பிரதியின் அடியிலும் நேரம் வரவேண்டும். காலைப் பிரதியைக் கிழிக்கக் கூடாது. மீரியபெத்த மக்களுக்கான புதிய வீடுகள் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் கட்டி முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. முகாமின் முதல் நாளில் கொடுத்த எண் வீடு கையளிக்கும் நாளின் பட்டியலிலும் அப்படியே வந்தால், எந்தக் காம்பராவில் இருந்தவர் எந்த வீட்டுக்குப் போனார், எந்த எண்ணுக்கு இன்னும் வீடு வரவில்லை என்பதை யாரும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கேட்கலாம்.